அலையாத்திக் காட்டில் ஒரு வகுப்பறை

பினாங்குப் பாலத்தின் தீவுப்பக்க முனை குளுகோரில் இருக்கிறது. பெருநிலப்பக்க முனை பிறையில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். குளுகோர் முனைக்கு அருகில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அமைந்துள்ளது. அங்கிருந்து புறப்படும் பேருந்து பாலத்தைக் கடந்து, பிறையில் இறங்கித் தெற்கே திரும்பினால் முதலில் தொழிற்சாலைகள் வரும். பிறகு ஜூரு, புக்கிட் தம்பூன், சிம்பாங் அம்பாட் என ஊர்கள் வரும். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினால் நிபோங் திபால். அங்கிருந்து கடலை நோக்கிச் சென்றால் சுங்கை ஆச்சே. ஒரு பாடத்தைக் கற்பதற்காகப் பல்கலைக்கழக மாணவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். அந்தப் பாடத்தின் பெயர் நிலைத்தன்மை. அதாவது, இன்றைய தேவையை நிறைவு செய்துகொள்ளும் நாம், நாளை பிறக்கப்போகிறவர்களின் பங்கைத் தின்றுவிடாமல் வாழ்வது.

இப்பாடத்தை விரிவுரை மண்டபத்திலேயே நடத்திவிடலாமே என்று தோன்றலாம். விளக்கம் சொல்வதற்கு ஒரு மணிநேரம் போதும். ஆனால் விளக்கத்தை மனனம் செய்தவருக்கு, பேருந்து கடந்துவந்த ஜூருவின் கதையை அவிழ்ப்பது எளிதன்று.

1969ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் தீர்வையற்ற துறைமுகம் என்னும் தகுதியை இழந்தது. வாணிகம் சுருங்கியது, வேலை தேடுவோர் பெருகினர். வேலை வேண்டுமானால் தொழிற்சாலை வேண்டும். பிறையில் தொழிற்பேட்டை வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு, தமிழ்க் குடும்பங்கள் உட்பட, அதனால் சோறு கிடைத்தது. அதே காலத்தில், ஜூரு ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த குவாலா ஜூரு என்னும் மீனவக் கம்பத்தில் மீன் குறையத் தொடங்கியது. தொழிற்சாலைக் கழிவுகள் ஆற்றில் கலந்தன. வலை வீசிப் பிழைத்தவர்கள் வெறும் வலையோடு திரும்பினார்கள். எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டு காலம் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1970களில் அம்மக்களின் நிலையை நாடறியச் செய்தது. கம்பத்து மக்களும் சும்மா இருக்கவில்லை. கூட்டுறவு அமைத்து, ‘கெராங்’ என்னும் சிப்பியை வளர்த்து விற்கத் தொடங்கினார்கள்.

இந்தச் சிக்கல் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது? ஆற்று நீரில் என்ன கலந்தது என்பதை வேதியியல் சொல்லும். சிப்பி ஏன் செத்தது என்பதை உயிரியல் சொல்லும். தொழிற்சாலை ஏன் அங்கு வந்தது என்பதற்குப் பொருளாதாரமும், அதை யார் தட்டிக்கேட்கலாம் என்பதற்குச் சட்டமும் வேண்டும். வலையைக் கைவிட்ட மீனவர் சிப்பி வளர்ப்பவராக மாறும்போது அவர் வீட்டில் என்ன மாறுகிறது என்பதைச் சமூகவியல்தான் ஆராயும். ஜூரு ஆறு இப்படிப் பாடவேளைகளாகப் பிரிந்து ஓடுவதில்லை. அங்குள்ள மக்களுக்கு அது ஒரே ஆறு, ஒரே பிழைப்பு.

இவ்வகையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பிறப்பே கவனிக்கத்தக்கது. 1969இல் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் பினாங்குப் பல்கலைக்கழகம். 1971இல், முன்பு பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்த மிண்டன் நிலத்துக்கு அது குடிபெயர்ந்தது. அக்காலப் பல்கலைக்கழகங்கள் துறைகளைத் தனித்தனிப் புலங்களாகப் பிரித்து வைத்திருந்தன. இங்கோ தொடக்கத்திலிருந்தே ‘கல்வி மையங்கள்’ என்னும் அமைப்பு கடைப்பிடிக்கப்பட்டது. ஒரு மையத்தில் சேர்ந்த மாணவர் வேறொரு மையத்தின் பாடத்தையும் எடுத்துப் படிக்கலாம். வேலி இருந்தது, ஆனால் அதில் படலும் இருந்தது என்று சொல்லலாம்.

படல் இருந்தால் மட்டும் போதாது. அதைத் திறந்துகொண்டு போவதற்கு ஒரு காரியம் வேண்டும். அப்படி ஒரு காரியம் வளாகத்திலேயே கிடைத்தது. அது சிற்றுண்டிச்சாலையின் வெள்ளை நுரைப்பெட்டி. மதிய உணவைத் ‘தப்பாவ்’ செய்யும் ஒவ்வொருவரும் ஒரு பாலிஸ்டிரின் பெட்டியை வாங்கினர். பத்து நிமிடத்தில் அதைக் குப்பையில் எறிந்தனர். அந்தப் பெட்டிக்கு எதிராக மாணவர்கள் முன்னின்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘வெள்ளைச் சவப்பெட்டி’. பெயரைக் கேட்டவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். திடுக்கிட வைக்கத்தான் அப்பெயர்.

பாலிஸ்டிரின் மக்காது என்பதும், சூடான எண்ணெய்ப் பண்டத்தை அதில் வைத்தால் ஸ்டைரின் கசியக்கூடும் என்பதும் அறிவியல் மாணவர்களுக்குத் தெரிந்த செய்திகள். ஆனால், ஒட்டுக்கடைக்காரர் கேட்கக்கூடிய கேள்வி அறிவியல் கேள்வி அன்று. “வேறு பெட்டி வாங்கினால் விலை கூடும். அந்தக் காசை யார் கொடுப்பது?” என்றுதான் அவர் கேட்பார். ஒரு தட்டுச் சோற்றில் கிடைக்கும் இலாபம் சில காசுகள்தாம். அவருடைய கணக்கைப் புரிந்துகொள்ளாமல், “சுற்றுச்சூழலைக் காப்போம்” என்று அறிவிப்பு ஒட்டினால், காற்றில் கிழிந்து போவதைத் தவிர அந்த அறிவிப்புக்கு வேறு பயன் இராது. மாணவர்களையும் மாற்ற வேண்டும். உணவுக் கலனை வீட்டிலிருந்து எடுத்துவருவது யாருக்குப் பிடிக்கும்? இத்தனையையும் கடந்து, வளாக உணவகங்களில் அந்தப் பெட்டிக்குத் தடை வந்தது.

வளாகத்துக்கு வெளியேயும் பினாங்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் திங்கட்கிழமைகளில் கடைகள் இலவச நெகிழிப்பை கொடுக்கக் கூடாது என்று மாநில அரசு அறிவித்தது. மறுஆண்டு அது வாரத்தில் மூன்று நாளானது. 2011 முதல் எல்லா நாளும் ஆனது. பை வேண்டுமானால் அப்போது 20 காசு கட்டணமாக இருந்தது. ஒரேயடியாகத் தடைசெய்யாமல் ஒருநாள், மூன்று நாள், பிறகு ஏழு நாள் என்று பழக்கியதில் மனித இயல்பைப் பற்றிய ஓர் அறிவு இருக்கிறது. அதை வேதியியல் நூலில் தேடினால் கிடைக்காது.

நிலைத்தன்மைக் கல்விக்கான வட்டார மையங்களை ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு முதன்முதலில் அறிவித்தபோது, உலகம் முழுவதிலுமிருந்து ஏழு இடங்கள் இடம்பெற்றன. அவற்றுள் பினாங்கும் ஒன்று. 2008இல் மலேசிய அரசு இப்பல்கலைக்கழகத்துக்கு ‘ஏபெக்ஸ்’ தகுதியை வழங்கியது. நிலையான எதிர்காலத்துக்காக உயர்கல்வியை மாற்றுவது என்பதையே அது தன் குறிக்கோளாக அறிவித்திருந்தது. இவையெல்லாம் பெருமைக்குரிய செய்திகள். எனினும், பெயர்ப்பலகையைவிட வடிகால் நன்றாகப் பாடம் சொல்லும். அப்படியொரு வடிகால் நிபோங் திபாலில் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001இல் பேராக் மாநிலத்தின் துரோனோவிலிருந்து நிபோங் திபாலுக்கு மாறியது. செம்பனை நின்ற தட்டையான நிலம் அது. அத்தகைய நிலத்தில் கட்டடமும் சாலையும் எழுந்தால், மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றித் தேங்கும். வழக்கமான தீர்வு, சிமெண்டு வாய்க்கால் கட்டி நீரை விரைவாக ஆற்றுக்குத் தள்ளிவிடுவது. நம் வளாகத்துக்கு அது நல்லதுதான். ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவருக்கோ வெள்ளம். பல்கலைக்கழகத்தின் ஆற்றுப் பொறியியல் ஆய்வு மையமும் அரசின் நீர்ப்பாசன, வடிகால் இலாகாவும் இணைந்து வேறு வழியை அங்கே அமைத்தன. 2003இல் தொடங்கிவைக்கப்பட்ட அதன் பெயர் ‘பயோஎகோட்ஸ்’. புல் படர்ந்த ஆழமற்ற வாய்க்கால்களில் மழைநீர் மெதுவாக நடக்கும். ஒரு பகுதி மண்ணில் ஊறி, புல்லுக்கு அடியிலுள்ள குழாய்கள் வழி செல்லும். பெருமழையென்றால் உலர்குளங்களில் சற்றுநேரம் தங்கும். பிறகு நீர்க்குளங்களுக்கும், இறுதியில் செடிகள் வளர்ந்த ஈரநிலத்துக்கும் போய் வடிகட்டப்பட்டு ஆற்றைச் சேரும். நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக இணைத்து, ஓடும் நீரை நடக்க வைத்ததை நினைவூட்டும் ஏற்பாடு இது. அங்குப் படிக்கும் மாணவர், தான் தினமும் மிதித்து நடக்கும் புல்லையே ஆய்வுக்கூடமாகக் கொள்ளலாம்.

ஆனால், வளாகத்து வடிகால் வளாகத்தின் சொத்து. அங்கே மாணவரின் கணக்கு பிழைத்தால் பேராசிரியர் திருத்துவார்; யாருடைய சோற்றுப்பானையும் கவிழாது. சமுதாயத்துக்குள் கால்வைக்கும்போதுதான் பாடம் கனக்கத் தொடங்குகிறது. சுங்கை ஆச்சேயின் சேற்றில் அதைக் காணலாம்.

செபராங் பிறையின் தென்கடற்கரையில் அலையாத்திக் காடுகள் இருந்தன. சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. மலாயில் ‘பாக்காவ்’ என்று சொல்லப்படும் மரங்கள் நிறைந்த சதுப்புநிலக் காடு அது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி. அழகான காரணப்பெயர். அம்மரங்களின் ஊன்றுவேர்களுக்கிடையே மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன. 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகளுக்காகவும் பிற மேம்பாட்டுக்காகவும் காடுகள் அழிந்தன. காடு குறைந்தபோது, கரையோரம் சிறு படகில் மீன் பிடித்தவர்களின் வருமானமும் குறைந்தது. 1994இல் அவர்கள் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தை அமைத்தார்கள். 1997 முதல், அழிந்த இடங்களில் தாங்களே கன்று நடத் தொடங்கினார்கள். அவர்களை யாரும் அந்த வேலைக்கு அமர்த்தவில்லை. மீன் வேண்டுமென்றால் மரம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போது அதைப் பெரிதாகக் கவனித்தவர் குறைவு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். அதன்பின் அலையாத்திக் காட்டின் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. அரசு கடலோர நடவுத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி மாணவர்கள், நிறுவன ஊழியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் என்று பலரும் மீனவர்களைத் தேடி வந்தார்கள். வருகிறவர்களுக்கு எங்கே, எப்படி நடுவது என்று கற்றுக்கொடுக்கிறவர்களாக மீனவர்கள் மாறினார்கள். பட்டம் பெறாத ஆசிரியர்கள். பட்டம் பெறப்போகும் மாணவர்கள்.

இங்கு ஒரு மாணவர் குழுவைக் கற்பனை செய்து பார்க்கலாம். உயிரியல் படிக்கும் கவிதா, கட்டடப் பொறியியல் படிக்கும் ஹாபிஸ், கணக்கியல் படிக்கும் மெய் லிங், சமூகவியல் படிக்கும் அரவிந்தன். நால்வரும் ஒரு பருவம் முழுவதும், அதாவது பதினான்கு வாரம், மீனவர்களோடு சேர்ந்து ஒரு சிறு நிலத்தில் அலையாத்தியை மீட்க வேண்டும். அதுதான் அவர்களுக்கான பணி.

முதல் தடுமாற்றம் அட்டவணையில் வரும். வாரந்தோறும் புதன்கிழமை காலை 10 மணிக்குக் களப்பணி என்று பல்கலைக்கழகம் குறித்துக் கொடுக்கிறது. முதல் புதன் அவர்கள் போகும்போது கடல் வற்றியிருக்கிறது. சேற்றில் இறங்க முடிகிறது. அடுத்த புதன் அதே 10 மணிக்குப் போனால், நடவேண்டிய இடம் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. மலாக்கா நீரிணையில் ஒரு நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அவை ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணிநேரமாகிவிடும். எனவே ஒரு வாரம் வற்றமாக இருந்த அதே நேரம், மறுவாரம் ஏற்றமாகிவிடும். இதை மீனவர் நிலவைப் பார்த்தே சொல்லிவிடுவார். நால்வரில் எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

இரண்டாவது தடுமாற்றம் கவிதாவுக்கு. பாக்காவின் காய் தாய்மரத்திலேயே முளைவிட்டு, ஒரு முழக் குச்சிபோலத் தொங்கும் என்று அவள் படித்திருக்கிறாள். விழும்போது சேற்றில் குத்தி நிற்கவும் செய்யும். மிதந்துபோய் வேறிடத்தில் வேர்பிடிக்கவும் செய்யும். அப்படியானால் கடலோரத் திறந்த சேற்றில் வரிசையாக ஊன்றிவிடலாம் என்பது அவள் திட்டம்.

“பாக் சிக், இந்த வெளியில் நடலாமா? இடம் நிறைய இருக்கிறதே.”

“இடம் இருக்கிறது, பிள்ளை. ஏன் இங்கே ஒன்றும் முளைக்கவில்லை என்று முதலில் பார். இது ‘அப்பி-அப்பி’ முதலில் வந்து பிடிக்கும் இடம். அது பிடித்துச் சேறு உயர்ந்த பிறகுதான், அதன் பின்னால் பாக்காவ் வரும். இங்கே நட்டால், நீ அடுத்த மாதம் வரும்போது குச்சிதான் இருக்கும்.”

‘அப்பி-அப்பி’ என்பது தமிழில் வெண்கண்டல் எனப்படும் மரம். மலாயா மேற்குக்கரையில் கடலை முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் அதுதான். பாக்காவ் அதன் பின்வரிசையில் நிற்கும். இந்த வரிசையைப் பாராமல், கிடைத்த காலி இடத்தில் எளிதில் கிடைக்கும் கன்றை நட்டதால் உலகின் பல கரைகளில் நடவுகள் பட்டுப்போயின. பிலிப்பீன்ஸ் நாட்டில் அப்படி வீணான நடவுகள் ஏராளம். சரியான இடத்திலும் பகை உண்டு. இளந்தண்டில் கொட்டலசு ஒட்டிக்கொண்டு அழுத்தும். நண்டு அடியில் கத்தரிக்கும்.

ஹாபிசின் கண்ணில் வேறொன்று படுகிறது. நிலத்தின் உட்பகுதியில் ஒரு பள்ளம். ஏற்றத்தில் நுழைந்த நீர் வற்றத்தில் வெளியேறவில்லை. அங்கே எந்தக் கன்றும் தழைக்கவில்லை. உயிரியலார் அதைக் கன்றின் குறை என்று எண்ணக்கூடும். பொறியியலார் பார்த்தால் அது நீரோட்டத்தின் குறை. இதே கேள்வி தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் எழுந்ததுண்டு. அங்கே முற்காலத்தில் காட்டை மொத்தமாக வெட்டியதால், வெயில் பட்ட மண் தாழ்ந்து தொட்டிபோல் ஆனது. தேங்கிய கடல்நீர் காயக் காய உப்பு ஏறியது. மரம் முளைக்க வழியில்லாமல் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்குள்ள கம்பத்து மக்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டியது. நடுவே ஒரு பெருவாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஏற்றநீர் உள்ளே வந்து, வற்றத்தில் வெளியேறியது, உப்பு குறைந்தது, அதன்பின் கன்றுகள் நின்றன. காட்டை மீட்க முதலில் எடுத்த கருவி மண்வெட்டி. நாற்று பிறகுதான். உயிரியலும் நீரியலும் அந்த மண்வெட்டியைப் பிடிக்கத் தெரிந்த ஊராரும் சேராமல் அது நடந்திருக்காது.

மெய் லிங்குக்கும் அரவிந்தனுக்கும் சேற்றில் என்ன வேலை என்று கேட்கலாம். முதல் வாரத்தில் அவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால், மீனவர் ஒருவர் இவர்களுக்குக் கற்றுத்தர வரும் காலைப்பொழுதில், அவர் கடலுக்குப் போகவில்லை. ஒரு வற்றத்தை இவர்களுக்குக் கொடுத்தால், ஒரு வலைவீச்சை அவர் இழக்கிறார். இந்த இழப்பு எந்த அறிக்கையிலும் வருவதில்லை. திட்டச் செலவில் பேருந்துக் கட்டணம் இருக்கும், பதாகைச் செலவு இருக்கும், மதிய உணவு இருக்கும். கற்பித்தவரின் ஒருநாள் வருமானம் இராது. கணக்கியல் மாணவி அதை எழுதிக்காட்டினால்தான் மற்றவர்களுக்கு உறைக்கும். விரிவுரையாளருக்கு ஊதியம் கொடுப்பது நியாயமென்றால், இதுவும் நியாயந்தானே?

சுங்கை ஆச்சேயின் மீனவர் குடும்பங்களிலுள்ள பெண்கள் அலையாத்திக் காட்டின் செடிகளிலிருந்து தேநீர், ஊறுகாய் போன்றவற்றைத் தயாரிக்கிறார்கள். ‘ஜெருஜு’ என்னும் முட்செடியின் இலையில் தேநீர். தமிழில் இதைக் கழுதைமுள்ளி என்பர். காட்டை வெட்டாமலே காட்டிலிருந்து வருமானம் வரும் வழி இது. இங்கே சிப்பமிடுதல், விலை நிர்ணயம், சந்தை எல்லாம் வருகின்றன. அரவிந்தன் கேட்க வேண்டிய கேள்வியும் வருகிறது. நட்ட மரம் பெரிதாகும்போது, அதை யார் காப்பார்கள்? பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் காடு சுமார் 40,000 ஹெக்டர். நூறாண்டுக்கு மேலாக அதிலிருந்து கரிக்கட்டைக்கு மரம் வெட்டுகிறார்கள். காடு இன்னும் இருக்கிறது. வெட்டிய பகுதி முப்பது ஆண்டு வளர்ந்த பிறகே மறுபடி வெட்டப்படும் என்ற ஒழுங்குதான் காரணம். வெட்டக்கூடாது என்பது மட்டும் காவலாகாது. யார், எப்போது, எவ்வளவு என்ற உடன்பாடும் ஒரு காவல்தான்.

இத்தகைய கல்விக்கு அரசின் ஆதரவும் இருக்கிறது. கல்வி அமைச்சு 2019இல் ‘சுலாம்’ என்னும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. சமுதாயத்துக்குச் சேவை செய்வதையே பாடத்தின் பகுதியாக்கி, அதற்குப் புள்ளியும் தருவது இதன் நோக்கம். இதைத் தன்னார்வத் தொண்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தொண்டில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். இங்கே இரு சாராரும் கொடுக்கிறார்கள். இரு சாராரும் பெற வேண்டும்.

பெறுகிறார்களா என்பது வேறு கேள்வி. ஒரே நாளில் பேருந்தில் வந்து, பதாகை பிடித்துப் படமெடுத்து, ஆளுக்கு இரண்டு கன்று ஊன்றிவிட்டுத் திரும்பும் பயணங்களும் உண்டு. அவற்றைக் கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றைப் பாடம் என்று சொல்லவும் முடியாது. பதினான்கு வாரங்கூடப் போதாது. பருவம் முடிந்து மாணவர் தேர்வெழுதிப் போய்விடுவார். கன்றோ அப்போதுதான் வேர்பிடிக்கத் தொடங்கியிருக்கும். மதிப்பீட்டிலும் சிக்கல் இருக்கிறது. நால்வருக்கும் ஒரே புள்ளி கொடுத்தால், சேற்றில் இறங்காமல் கரையில் நின்றவரும் தேறிவிடுவார். நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் புள்ளி என்றால், எண்ணிக்கைதான் கூடும், மரம் கூடாது. ஆகவே சில விரிவுரையாளர்கள் மாணவரை நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். இன்று என்ன செய்தேன் என்பதைவிட, இன்று எதைத் தவறாக நினைத்திருந்தேன் என்று எழுதுவது அதில் முக்கியம். “புதன்கிழமை 10 மணி” என்ற வரி கவிதாவின் நாட்குறிப்பில் இருந்தால், அவள் கற்றிருக்கிறாள் என்று நம்பலாம்.

‘சுலாம்’ என்ற மலாய்ச் சொல்லுக்குத் துணியில் நூலால் பூவேலை செய்தல் என்று பொருள். பலநிற நூல்கள் ஒரே பூவாவதால், பல துறைகள் சேரும் கல்விக்கு இது பொருத்தமான பெயர்தான். உழவர்களும் மரம் நடுபவர்களும் அதே சொல்லை இன்னொரு பொருளில் வழங்குவதுண்டு. நட்டவற்றுள் பட்டுப்போனதைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் புதுக்கன்றை வைப்பதும் ‘மெஞூலாம்’தான். நம்மவர் இதைப் போக்கு நடவு என்பார்கள்.

கவிதாவின் குழு அறிக்கையை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, அடுத்த பருவத்தில் வேறு நால்வர் அதே இடத்துக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கையில் பழைய குழுவின் வரைபடமும், ஓதம் ஏறி வற்றும் நேரங்களை எழுதிய ஒரு தாளும் இருக்கின்றன. மீனவர் முன்னே நடக்கிறார். காலணி சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று அவர் சொன்னதால், நால்வரும் வெறுங்காலோடு பின்தொடர்கிறார்கள். முதல் வேலையாக, எத்தனை கன்று நிற்கிறது, எத்தனை விழுந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறார்கள். வற்றம் முடிய இன்னும் இரண்டு மணிநேரம் இருக்கிறது.